மாநில மின்நூலகம்: தொடங்கப் பணம் கிடைக்கும், நடத்தப் பணம் எங்கிருந்து வரும்?

பாம்பன் வாசகி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு வரி ரசீது பக்கத்தில் இருந்தால் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். வரித் தொகைக்குக் கீழே நூலக வரி என்று தனியாகப் போட்டிருப்பார்கள். ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஆயிரம் ரூபாய் வீட்டு வரி கட்டுகிறவர் நூறு ரூபாய் நூலகத்துக்கும் சேர்த்துக் கட்டுகிறார். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டம் போட்டுத் தந்த பாதை இது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம், அதற்குப் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். ஆக, நூலகத்துக்குப் பணம் கட்டுவது நமக்குப் புதிதில்லை. பழகிய விஷயம்தான்.

இப்போது நான் கேட்க வந்தது. மாநிலம் முழுக்க ஒரே மின்நூலகச் சேவை வேண்டும். நூலக உறுப்பினர் எண்ணைப் போட்டால் சென்னைக் கோட்டூர்புரத்துப் பிள்ளை எடுக்கும் அதே புத்தகம் எங்கள் பாம்பன் சின்னப்பாலத்துப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். சென்னையில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. இரண்டும் பெருமைதான். ஆனால் இங்கே பாசி எடுக்கக் கடலுக்குள் இறங்கும் அம்மாவின் மகள் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாள் என்றால், மதுரைக்குப் போய்த் திரும்ப அவளுக்கு ஒரு நாளும் பஸ் காசும் போய்விடும்.

பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகம் இருக்கிறது. 2017-இலிருந்து இலவசமாகவே படிக்கிறோம், அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். இல்லாதது புதிய நூல்கள்: போட்டித் தேர்வு வழிகாட்டிகள், குழந்தைகளுக்கான படக்கதைகள், இன்றைக்கு எழுதுகிறவர்களின் நாவல்கள், பார்வையற்றவர்களுக்கு ஒலிநூல். இதை யார் நடத்துவது, எந்தப் பணத்தில் நடத்துவது? அடுத்த கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவரவும், மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு மனுவாகக் கொடுக்கவும் நினைக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

தொண்டி கணக்கர் எழுதியது:

நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள் அம்மா. நான் உள்ளாட்சிக் கணக்குகளோடு வேலை வாழ்க்கையைக் கழித்தவன், அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

நூலக வரியை வசூலிப்பது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி. வசூலானதை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். இதில் இரண்டு ஓட்டை. ஒன்று, வசூலித்த உள்ளாட்சி அதை உடனே அனுப்புவதில்லை. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் திருப்பிவிட்டு, நூலகப் பணத்தை நிலுவையில் வைப்பது பல இடங்களில் பழக்கமாகவே ஆகிவிட்டது. இரண்டாவது ஓட்டை இன்னும் ஆழமானது. இந்த வரி சொத்தைப் பொறுத்தது. நம் கரையோரத்தில் சொத்து எங்கே இருக்கிறது? படகிலும் வலையிலும் இன்ஜினிலும். அதற்கெல்லாம் வீட்டு வரி கிடையாது. பல லட்சம் போட்டு விசைப்படகு வைத்திருப்பவர் ஓட்டு வீட்டுக்குக் கட்டும் வரி சில நூறு ரூபாய். புறம்போக்கில் இருக்கும் குடிசைக்கு வரி ரசீதே இருக்காது. அப்படியானால் அதே பத்துப் பைசா விகிதம் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கோடிகளைக் கொண்டுவரும், நம் மாவட்டத்தில் நாளிதழ் பில் கட்டவே இழுபறியாக இருக்கும்.

சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் சென்னை நகரம் நீங்கலாக மற்ற ஆணைக்குழுக்களுக்கு, வசூலான வரிக்குக் குறையாத தொகையை அரசும் தர வேண்டும் என்று வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பத்து ரூபாய் வசூலித்தவனுக்குப் பத்து, நூறு வசூலித்தவனுக்கு நூறு என்றால் இடைவெளி அப்படியேதான் நிற்கும்.

மின்நூலகத்தை மாவட்டம் மாவட்டமாக நடத்தவே கூடாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். ராமநாதபுரம் தனியாக உரிமம் வாங்கப் போனால் பேரம் பேசும் வலுவும் இருக்காது, பணமும் இருக்காது. ஒவ்வொரு மாவட்ட நூலக நிதியிலிருந்தும் அதன் வசூலுக்கு ஏற்ற ஒரு சிறு விழுக்காடு பொதுக் கணக்குக்குப் போக வேண்டும். அதன் மேல் அரசின் பங்கு. சேவை எல்லா மாவட்டத்துக்கும் ஒரே அளவு. நிறைய வசூலிக்கும் மாவட்டம் நிறையக் கொடுக்கும், வாசிப்பவன் எந்த ஊர்க்காரன் என்று கணினி கேட்கக் கூடாது.

கடலோர நூலகர் எழுதியது:

ஊர் பெயரைச் சொல்லவில்லை, வேலையில் இருக்கிறேன். கணக்கர் ஐயா சொன்னதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடக்க விழாவுக்கு எப்போதும் பணம் வந்துவிடும். கணினி வரும், மேசை வரும், பெயர்ப்பலகை வரும். மூன்றாவது வருஷம் யுபிஎஸ் பேட்டரி செத்துப்போகும், அதற்குக் கணக்கில் செலவுத் தலைப்பு இருக்காது. எங்கள் நூலகத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தெருதான். உப்புக்காற்றில் யுஎஸ்பி துளைகள் பச்சை பூத்துவிடும், மவுஸைச் செருகினால் ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் வேலை செய்யும். சிபியூவின் பின்பக்கத்துத் திருகுகளைக் கழற்ற முடியாது, தலை மழுங்கித் துருவோடு ஒட்டியிருக்கும். வாடைக்காற்று மாதங்களில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சென்னையில் ஐந்து வருஷம் ஓடும் எந்திரத்துக்கு இங்கே என்ன ஆயுள் என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் எழுதியே வைக்க வேண்டும். ஒரே விலைப்பட்டியலை மாநிலம் முழுக்கப் போட்டால் கரையோரம்தான் முதலில் படுத்துவிடும்.

அப்புறம் ஆள். நான் நாளிதழை எடுத்து வைக்கிறேன், புத்தகம் பதிகிறேன், பெருக்குகிறேன், இரவல் கொடுக்கிறேன். மின்நூல் எப்படி இறக்குவது என்று ஒரு பெண்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை காட்டினால் போதும், அவள் நான்கு பேருக்குக் காட்டிவிடுவாள். அந்த ஒரு தடவைக்கு எனக்கு நேரம் வேண்டும். 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டினார்களே, அதில் எத்தனை பூட்டியே கிடந்தன என்று நம் ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். புத்தகமும் அலமாரியும் உள்ளேதான் இருந்தன. திறந்து வைக்க ஆளுக்கு நிரந்தர ஏற்பாடு இல்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுக்காரர்கள் நிறையப் பேர் வந்து உட்காருவார்கள். பேப்பர் படித்து முடித்ததும் இன்ஜின் பழுது பார்ப்பது பற்றித் தமிழில் ஏதாவது இருக்கிறதா, மீன் பதப்படுத்தும் தொழிலுக்குக் கடன் எப்படி வாங்குவது என்று கேட்பார்கள். என்னிடம் இருப்பது பழைய புத்தகங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் தலைமையிடமே ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தது. அவர்களுடைய வெளியீடுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பெரும்பாலும் ஆங்கிலத்தில். மாநில மின்நூலகம் அவற்றில் நமக்கு வேண்டியதைத் தேர்ந்து தமிழில் கொண்டுவந்தால், அதைப் படிக்க என் நூலகத்தில் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

அட்லாண்டாவிலிருந்து உச்சிப்புளிக்காரன் எழுதியது:

நான் இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தில் 1995-இலிருந்து கலிலியோ என்று ஒரு மின்நூலகம் ஓடுகிறது. பல்கலைக்கழகங்களுக்காகத் தொடங்கியது. பிறகு பொது நூலகம், பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே குடைக்குள் வந்தன. முதலில் போட்ட பணம் மாநில லாட்டரி வருமானத்திலிருந்து வந்தது. ஆனால் அதை இத்தனை வருஷம் நிற்க வைத்தது லாட்டரி இல்லை, வருஷா வருஷம் மாநில பட்ஜெட்டில் வந்த ஒதுக்கீடும் உறுப்பு நிறுவனங்கள் போட்ட பங்கும்தான். தரவுத்தளங்களுக்கு ஒரே பேரம், மாநிலம் முழுக்க ஒரே ஒப்பந்தம்.

எதிர் உதாரணமும் இங்கேயே இருக்கிறது. இந்த நாட்டில் மாநில நூலகங்களுக்கு மத்திய அரசு மானியம் ஒன்று உண்டு, மக்கள்தொகைக் கணக்கில் பிரித்துக் கொடுப்பார்கள். 2025 மார்ச்சில் அந்த மானியம் தரும் அமைப்பையே சுருக்கச் சொல்லி ஆணை வந்தது. மிசிசிபி மாநில நூலக ஆணையம் ஹூப்ளா என்ற மின்நூல் இரவல் சேவையை நிறுத்தி வைக்க நேர்ந்தது. ராத்திரி வரைக்கும் போனில் கதை கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் காலையில் இல்லை. சேவை முழுவதையும் ஒரே மானியத்தில் தொங்கவிட்டால் இதுதான் நடக்கும்.

சாயல்குடி தம்பி எழுதியது:

அண்ணே, நீங்கள் சொன்னதில் ஒரு விஷயத்தை இன்னும் விரித்துச் சொல்ல வேண்டும். ஹூப்ளா நின்றதும் ஏன் ஒன்றுமே மிஞ்சவில்லை? நூலகத்திடம் அந்தப் புத்தகங்கள் எப்போதுமே இருந்ததில்லை. மின்நூல் உரிமம் என்பது வாடகை வீடு மாதிரி. எத்தனை வருஷம் வாடகை கட்டினாலும் ஒரு செங்கல்கூட நம்முடையது ஆகாது. 2011-இல் ஹார்ப்பர் காலின்ஸ் பதிப்பகம் ஒரு விதி கொண்டுவந்தது: நூலகம் வாங்கும் மின்நூல் 26 தடவை இரவல் போனால் தீர்ந்தது, மறுபடி வாங்க வேண்டும். இரண்டு வருஷத்தில் காலாவதியாகும் உரிமமும் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு உரிமத்துக்கு ஒரு வாசகர்தான், ஒருவர் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தவருக்கு.

நமக்குச் சொந்தமாக ஆகக்கூடியவை ஏராளமாக இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில்தான் எழுத்தாளர் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்கும் வழக்கம் இருக்கிறது. பாரதியில் தொடங்கி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களின் எழுத்து அப்படி வந்திருக்கிறது. ஆசிரியர் இறந்து 60 வருஷம் ஆனால் பதிப்புரிமையும் முடிந்துவிடுகிறது. 1960களிலும் 70களிலும் கல்லூரிப் பாடங்களுக்காக அரசு தமிழில் வெளியிட்ட நூல்கள் இருக்கின்றன. முதல் பணம் இதற்குப் போகட்டும். வெறும் பிடிஎஃப் போதாது. படத்தில் இருக்கும் எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருள் வைத்து உரையாக்கி, ஆள் வைத்துத் திருத்தி, போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும்படி கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் பார்வையற்றவருக்குப் போனே வாசித்துக் காட்டும். பழைய அச்சில் ணை, லை, றா எல்லாம் வேறு வடிவத்தில் இருக்கும். எந்திரம் அதில் தடுமாறும், திருத்த மனுஷக் கண் வேண்டும். நம் கரையில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வீட்டில் இருக்கும் பெண்களுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால் அருமையாகச் செய்வார்கள்.

மென்பொருளில் ஏமாந்துவிடக் கூடாது. நூலக நிர்வாகத்துக்குக் கோகா, சேமிப்புக்கு டிஸ்பேஸ் என்று கட்டற்ற மென்பொருள்கள் இருபது வருஷத்துக்கு மேலாக உலகம் முழுக்க ஓடுகின்றன. காசு மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை. டெண்டர் எடுத்த நிறுவனம் மாறினாலும் தரவு நம் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் ஒரு தொகுப்பை அழகாக ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்தார்கள். திட்ட காலம் முடிந்தது, சர்வர் வாடகை கட்ட ஆளில்லை, தளமே போய்விட்டது. மூலக் கோப்புகள் யாருடைய வன்தட்டில் இருக்கின்றன என்று இன்று வரை தெரியவில்லை. அதற்காக ராத்திரி பகலாக உட்கார்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால் மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

தேவிபட்டினம் ஆசிரியர் எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். நான் எதிர்ப்பக்கம் பேச வேண்டியிருக்கிறது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு கடலுக்குப் போய்விடுகிறது. காகிதப் புத்தகத்துக்கு சார்ஜ் வேண்டாம், டேட்டா வேண்டாம். கிளை நூலகத்தில் கூரை ஒழுகும்போது, ஊர்ப்புற நூலகருக்கு முழுச் சம்பளம் கேட்டு மனு கொடுக்கும்போது, அதே நூலக வரியிலிருந்து மின்நூலகத்துக்கு ஒரு பங்கை எடுக்கலாம் என்கிறீர்கள். எடுத்தால் எது குறையும்? புதுப் புத்தகம் வாங்குவதுதான் குறையும். குழந்தை கையில் எடுத்துப் புரட்டும் புத்தகம். இதற்குப் பதில் இல்லாமல் நான் அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்க மாட்டேன்.

பாம்பன் வாசகி எழுதியது:

சார், இந்தக் கேள்வி வர வேண்டும் என்றே காத்திருந்தேன். காகிதப் புத்தகத்திலிருந்து பிடுங்கி இதைச் செய்யக் கூடாது என்பதில் நானும் உங்களோடுதான். கணக்கர் ஐயா, அந்த "சிறு விழுக்காடு" எங்கிருந்து என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

தொண்டி கணக்கர் எழுதியது:

ஆசிரியர் சொல்வது நியாயம். அதனால் நான் சொன்னதைக் கொஞ்சம் இறுக்கிச் சொல்கிறேன்: இப்போது நூலகத்துக்கு வந்துகொண்டிருக்கும் பணத்தில் கை வைக்க வேண்டாம். உள்ளாட்சிகள் அனுப்பாமல் வைத்திருக்கும் நிலுவை இருக்கிறதே, அதை வசூலித்து அதிலிருந்து ஒரு பங்கு. அந்தப் பணம் இன்று எந்த நூலகத்துக்கும் வரவில்லை, ஆகவே எதுவும் குறையப் போவதில்லை. ஆனால் ஒன்று. நிலுவை என்பது ஒரு தடவை வந்து தீரும் பணம். ஸ்கேன் செய்வது, உரையாக்குவது, எந்திரம் வாங்குவது போன்ற ஒருமுறைச் செலவுக்கு மட்டும்தான் அது சரி. உரிமச் சந்தாவும் சர்வரும் ஆட்களின் சம்பளமும் வருஷா வருஷம் வரும் செலவு. அதற்கு மாநில பட்ஜெட்டில் தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும். கொல்கத்தாவில் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை 1972-இலிருந்து மாநிலங்களோடு பங்கு போட்டு நிதி தருகிறது. அதையும் கேட்கலாம், ஆனால் அதை நம்பிச் சம்பளக் கணக்குப் போடக் கூடாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. மத்திய அரசு 2024 நவம்பரில் "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், முப்பது பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள். அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் மட்டும்தான். மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய சந்தாவை மாவட்ட மைய நூலகத்தில் வந்து உட்கார்ந்து படிக்கவாவது பொதுமக்களுக்கு அனுமதி வேண்டும் என்று மாநிலம் கேட்கலாம். கேட்பதற்குச் செலவில்லை.

ராமநாதபுரம் பதிப்பாளர் எழுதியது:

சிறு பதிப்பாளன் என்ற முறையில் ஒரு பயத்தைச் சொல்லிவிடுகிறேன். நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணை வந்தால்தான் என்னைப் போன்றவர்கள் அடுத்த புத்தகம் போடுகிறோம். மாநிலம் முழுக்க ஒரே மின்நூல் என்று ஒரு பிரதிக்கு மட்டும் காசு கொடுத்து எல்லாரும் படித்தால், எழுதியவருக்கும் எனக்கும் என்ன மிஞ்சும்? காகிதப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. மின்நூலுக்கு 18 சதவீதமாக இருந்ததை, அச்சில் வந்த நூலின் மின்வடிவத்துக்கு மட்டும் 2018 ஜூலையில் 5 ஆக்கினார்கள். அதையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் மறுக்க வரவில்லை. வழி இருக்கிறது. அச்சு வந்து மூன்று வருஷம் ஆன நூலுக்கு, ஐந்து வருஷத்துக்கு மாநிலம் முழுவதும் படிக்கும் உரிமை என்று ஒரே தொகை பேசட்டும். நாட்டுடைமைக்கு மொத்தமாகத் தொகை கொடுத்த அரசுக்கு இது புதிதில்லை. மூன்று வருஷத்துக்குள் எனக்கு அச்சில் விற்க வேண்டியது விற்றிருக்கும். அதற்குப் பிறகு கிட்டங்கியில் செல்லரிக்கும் புத்தகத்துக்கு வாசகர் கிடைத்தால் எனக்கு ஏன் வலிக்கப் போகிறது? தொகையில் எழுத்தாளருக்கு எவ்வளவு என்பது ஒப்பந்தத்திலேயே எழுதி, அவர் கணக்குக்கு நேராகப் போக வேண்டும்.

சாயல்குடி தம்பி எழுதியது:

இது நல்ல யோசனை ஐயா. ஐந்து வருஷம் முடிந்து நீங்கள் புதுப்பிக்க விரும்பாவிட்டாலும் பாதுகாப்புக்காக ஒரு பிரதி நூலகத்திடம் இருக்கட்டும், வாசகருக்குத் திறக்க வேண்டாம். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, தன்னிடம் அச்சுப் பிரதி இருக்கும் நூலை லாப நோக்கமில்லாத பொது நூலகம் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம் என்று சேர்த்தார்கள். அதன் பலன் முழுவதையும் நாம் இன்னும் எடுக்கவில்லை.

கீழக்கரை ராத்தா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நீங்கள் பேசுவதெல்லாம் அச்சான புத்தகம் பற்றி. எங்கள் ஊரில் வீட்டுக்குள் இருக்கும் நூலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

அரபுத் தமிழில் எழுதிய ஏடுகளும் கல்லச்சில் போட்ட கித்தாபுகளும், அதாவது புத்தகங்களும், இங்கே பல வீடுகளில் பெட்டிக்குள் இருக்கின்றன. எங்கள் உம்மம்மா காலத்துப் பெண்கள் தமிழை அரபு எழுத்தில்தான் படித்தார்கள், அதில்தான் கடிதமும் எழுதினார்கள். உமறுப் புலவரை ஆதரித்த சீதக்காதி வாழ்ந்த ஊர் இது. கப்பல் வணிகம் செய்த குடும்பங்களின் கணக்குப் பேரேடுகளும் இருக்கின்றன. என் வீட்டில் ஒன்று இருக்கிறது. மையின் அமிலம் காகிதத்தைத் தின்று, எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்த ஓட்டைகளின் வரிசையை வைத்தே வாசிக்கலாம். இன்னும் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று தெரியாது.

மாநில மின்நூலகம் என்றால் சென்னையிலிருந்து இங்கே வருவது மட்டும் என்று இருக்கக் கூடாது. இங்கிருந்தும் போக வேண்டும். ஸ்கேன் செய்யும் வண்டி ஒன்று கரையோரம் வர வேண்டும். ஏட்டை வீட்டை விட்டு அனுப்ப எங்கள் ஆட்கள் சம்மதிக்க மாட்டார்கள். கண் எதிரில் படம் எடுத்துவிட்டு, மூலத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தால் நிச்சயம் சம்மதிப்பார்கள். எதைத் திறந்து வைக்கலாம், எது குடும்ப விஷயம் என்று சொல்லும் உரிமையும் வீட்டுக்காரருக்கு இருக்க வேண்டும். அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே பட்டியல் போட வேண்டும், படத்தைப் பிறகுகூட எடுக்கலாம். பணத்துக்கு, வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் தருவார்கள். கல்லூரியும் பள்ளியும் கட்டிக் கொடுத்தவர்கள்தானே.

தொண்டி கணக்கர் எழுதியது:

ராத்தா, நன்கொடையை மனமார வாங்கிக்கொள்வோம், ஆனால் வண்டிக்கும் கேமராவுக்கும் மட்டும். பட்டியல் போடும் பெரியவருக்கு மாதாமாதம் கொடுக்கும் மதிப்பூதியத்தை நன்கொடையில் வைக்காதீர்கள். கொடுக்கும் மகராசன் ஒரு வருஷம் நொடித்துப்போனால் வேலை பாதியில் நின்றுவிடும்.

மண்டபம் முகாம் இளைஞன் எழுதியது:

நான் மண்டபம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்தவன். ஒரேயொரு விஷயம் கேட்கிறேன். உறுப்பினர் ஆவதற்கு ஆதார், வீட்டு வரி ரசீது, அரசு ஊழியர் கையெழுத்து என்று வைத்தால் எங்களில் நிறையப் பேர் வாசலிலேயே நின்றுவிடுவோம். எங்களிடம் வீட்டு வரி ரசீது இருக்காது, வீடே அரசு கொடுத்தது. முகாம் அடையாள அட்டையையும் பள்ளிச் சான்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மனுவில் எழுதுங்கள் அக்கா. இலங்கையில் வந்த நூல்களையும் இதழ்களையும் 2005-இலிருந்து நூலகம் என்ற தன்னார்வத் திட்டம் மின்வடிவில் சேர்த்து வருகிறது. தாத்தா வேலை பார்த்த ஊரின் பள்ளி மலரை நான் அங்கேதான் பார்த்தேன். எந்த அரசும் உதவாமல் தொடங்கிய வேலை அது. மாநில மின்நூலகத்தின் தேடலில் அதற்கும் ஓர் இணைப்பு இருந்தால் எங்களுக்குப் பெரிய விஷயம்.

கடலோர நூலகர் எழுதியது:

தம்பி, முகாம் அட்டையோடு நீ என் நூலகத்துக்கு வா, உட்கார்ந்து படிக்க உனக்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். இரவலுக்கு விதி மாற வேண்டும், அது மேலே இருப்பவர்கள் கையில் இருக்கிறது. அதை அவசியம் எழுத வேண்டும்.

ஆசிரியர் சாருக்கும் ஒன்று. போன் கடலுக்குப் போய்விடுகிறது என்றீர்கள். அதற்காகத்தான் நூலகத்தில் டேப்லெட் வேண்டும். இணையம் இருக்கும் நேரத்தில் மின்நூல்களை அதில் இறக்கி வைத்து, வார இரவலாக வீட்டுக்குக் கொடுக்கலாம். வீட்டில் இணையமே தேவையில்லை. 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோகும் பாரத்நெட் வேலை நடக்கிறது. ஊராட்சி அலுவலகம் வரைக்கும் வருகிற கேபிளை நூலகத்துக்கும் ஓர் இணைப்பு இழுத்துக் கொடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டால், எனக்கு அது ஒன்றே பாதி உதவி.

தேவிபட்டினம் ஆசிரியர் எழுதியது:

டேப்லெட் இரவல் என்றால் நான் ஒத்துக்கொள்கிறேன். அச்சு நூல் கொள்முதல் ஒதுக்கீடு குறையக் கூடாது என்ற வரி தீர்மானத்தில் முதலில் இருக்கட்டும், மற்றவை அதற்குப் பிறகு.

பாம்பன் வாசகி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மனுவை இப்படி எழுதப் போகிறேன், படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

அச்சு நூல் ஒதுக்கீட்டைக் குறைக்காமல், மாநில அளவில் ஒரே மின்நூலகச் சேவை. பொது நூலக இயக்ககம் நடத்தட்டும், தமிழ் இணையக் கல்விக்கழகம் தொழில்நுட்பத்துக்குத் துணை நிற்கட்டும், நிர்வாகக் குழுவில் ஊர்ப்புற நூலகர், வாசகர் வட்டம், பதிப்பாளர், பார்வையற்ற வாசகர் ஆகியோருக்கு இடம் இருக்கட்டும். எந்த நூல், எவ்வளவு தொகை, எத்தனை பேர் படித்தார்கள் என்பது ஆண்டுதோறும் இணையத்தில் வெளிவர வேண்டும். நிலுவை நூலக வரியிலிருந்து ஒருமுறைச் செலவு, மாநில பட்ஜெட்டிலிருந்து ஆண்டுச் செலவு. முதலில் நமக்குச் சொந்தமாகும் நூல்கள், அடுத்துப் பதிப்பாளர்களோடு ஐந்தாண்டு உரிமம். கரையோர நூலகங்களுக்கு எந்திர மாற்றுக் காலம் தனியாக. கீழக்கரையில் தொடங்கித் தொண்டி வரைக்கும் வீடு தேடி வரும் ஸ்கேன் வண்டி. முகாம் அடையாள அட்டைக்கு உறுப்பினர் உரிமை.

தொண்டி கணக்கர் எழுதியது:

இரண்டு திருத்தம் அம்மா. "ஆண்டுச் செலவு" என்று எழுதாதீர்கள், "தொடர் செலவினம்" என்றே எழுதுங்கள், கணினிப் பழுதுபார்ப்பையும் யுபிஎஸ் பேட்டரியையும் அதற்குள் பெயர் சொல்லிச் சேருங்கள். பெயர் சொல்லாதது தணிக்கையில் நிற்காது. அடுத்து, நம் ஊராட்சிகள் நூலகக் கணக்கில் எவ்வளவு நிலுவை வைத்திருக்கின்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். தொகையைக் கையில் வைத்துக்கொண்டு கிராம சபையில் எழுந்தால் யாரும் உங்களை உட்காரச் சொல்ல முடியாது. தொண்டிக்கும் திருவாடானை ஒன்றியத்துக்கும் நான் எழுதுகிறேன். மண்டபம் ஒன்றியத்தை நீங்கள் எடுங்கள். கடலாடிப் பக்கம் சாயல்குடி தம்பி பார்த்துக்கொள்ளட்டும்.

சாயல்குடி தம்பி எழுதியது:

சரி ஐயா. திங்கட்கிழமை மனுவை அனுப்பிவிட்டு நகலை இங்கே போடுகிறேன்.